மெமரி கார்டில் ஒரு கம்ப்யூட்டர்: ராஸ்பெரி பையில் லினக்ஸ் பதிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் என்றவுடன் மானிட்டர், கீ போர்ட், மவுஸ், பக்கத்தில் ஒரு டவர் கேபினட் அல்லது ஒரு லேப்டாப் தான் நம் நினைவிற்கு வரும். ஆனால் வீட்டில் நாம் கம்ப்யூட்டர் என்று நினைக்காத கம்ப்யூட்டர்கள் தான் அதிகம். இன்டர்நெட் ரூட்டர், டிவியுடன் இணைந்த செட் டாப் பாக்ஸ், வாஷிங் மெஷின் என ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு சிப்பும் அதனை இயக்கும் சாப்ட்வேரும் இருக்கின்றன. ஒரு சாதனத்திற்குள் அடங்கிக் கொண்டு, தனக்கென ஒதுக்கப்பட்ட வேலையை மட்டும் செய்யும் இவற்றை எம்பெடட் கம்ப்யூட்டர் என்கிறார்கள். ரூட்டர்கள் பலவற்றில் இயங்குவது லினக்ஸ் சிஸ்டமே. ஆனால் அதனைத் தயாரித்த நிறுவனமே பதித்துக் கொடுத்து விடுவதால், நமக்கு அங்கு வேலை இல்லை.

நாமே லினக்ஸைப் பதித்து, நாமே இயக்கிப் பார்க்க வசதியாக வந்தது தான் ராஸ்பெரி பை. பிரிட்டனில் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த ராஸ்பெரி பை பவுண்டேஷன், பள்ளி மாணவர்கள் குறைந்த செலவில் புரோகிராமிங் கற்றுக் கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தில் இதனை உருவாக்கியது. 2012 ஆம் ஆண்டு பிப்ரவரி 29ல் முதல் விற்பனை தொடங்கியது. கிரெடிட் கார்ட் அளவிலான ஒரே ஒரு போர்ட். அதில் ப்ராசசர், ராம், யு.எஸ்.பி. சாக்கெட்கள், டிவி அல்லது மானிட்டரை இணைக்க எச்.டி.எம்.ஐ. சாக்கெட் எல்லாம் உண்டு. இல்லாத ஒன்று ஹார்ட் டிஸ்க். அதன் இடத்தில் தான் மெமரி கார்ட் வருகிறது. முதல் மாடல்களில் கேமராவில் போடும் பெரிய எஸ்.டி. கார்ட் பயன்பட்டது. 2014ல் வந்த பி பிளஸ் மாடலில் இருந்து மொபைல் போனில் போடும் மைக்ரோ எஸ்.டி. கார்ட் தான்.

போர்டை வாங்கியவர்கள் பலரும் முதலில் தடுமாறுவது இந்த கார்ட் விஷயத்தில் தான். இதைப் பதிப்பதில் இரண்டு ஆபத்துகளும் இருக்கின்றன. ஒன்று, கவனம் இல்லாமல் செய்தால் உங்கள் வேறு டிரைவில் உள்ள போட்டோக்கள் அழிந்து போகும். மற்றொன்று, எல்லாம் சரியாகப் பதிந்து, சில வாரங்கள் நன்றாக ஓடி, பின்னர் ஒரு நாள் கார்ட் கைவிட்டு விடும். இரண்டையும் தவிர்ப்பது எப்படி என்று பார்க்கலாம்.

காப்பி செய்தால் ஏன் இயங்குவதில்லை?

லினக்ஸ் பைலை டவுன்லோட் செய்து, பென் டிரைவில் பாட்டை காப்பி செய்வது போல கார்டில் காப்பி செய்து, போர்டில் செருகிப் பார்த்து, "ஒன்றும் வரவில்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. நிச்சயம் வராது.

சிடி காலத்தில் கம்ப்யூட்டர் பயன்படுத்தியவர்களுக்கு இது எளிதாகப் புரியும். ஐ.எஸ்.ஓ. பைல் ஒன்றை அப்படியே சிடியில் காப்பி செய்தால், அந்த சிடியில் ஒரே ஒரு பைல் இருக்கும். அதனைக் கொண்டு கம்ப்யூட்டரை பூட் செய்ய முடியாது. நீரோ போன்ற புரோகிராமில் "இமேஜ் பர்ன்" என்று கொடுத்தால் தான் அது பூட் சிடி ஆகும். இதுவும் அதே கதை தான். நாம் டவுன்லோட் செய்வது இமேஜ் பைல். ஒரு கார்டில் எந்த இடத்தில் எந்த பார்ட்டிஷன் இருக்க வேண்டும், ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் என்னென்ன பைல்கள் இருக்க வேண்டும் என்பது முழுவதும் அடங்கிய அச்சு அது. கார்டின் முதல் செக்டாரில் தொடங்கி வரிசையாக அதனை எழுத வேண்டும். இதனால் தான் இதற்கெனத் தனி புரோகிராம் தேவைப்படுகிறது. இதே காரணத்தினால் தான் கார்டில் ஏற்கனவே உள்ளவை அனைத்தும் போய்விடுகின்றன.

எழுதி முடித்த கார்டில் இரண்டு பார்ட்டிஷன்கள் இருக்கும். முதலில் உள்ளது சிறியது. விண்டோஸிற்கும் தெரிந்த பேட் 32 வகை, "பூட் எப்.எஸ்." என்று பெயர். அடுத்தது லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 வகை, "ரூட் எப்.எஸ்." என்று பெயர். சிஸ்டத்தின் பெரும்பகுதி இரண்டாவதில் தான் இருக்கிறது.

நம் டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன், மதர்போர்டில் உள்ள பயாஸ் சிப் விழித்துக் கொண்டு ஹார்ட் டிஸ்க்கைத் தேடும். ராஸ்பெரி பை 3 வரையிலான மாடல்களில் அப்படி ஒரு சிப் இல்லை. ப்ராசசருக்குள் இருக்கும் மிகச் சிறிய நிரந்தர புரோகிராம் ஒன்று கார்டின் முதல் பார்ட்டிஷனைத் திறந்து, "பூட்கோட்" என்ற பைலைத் தேடி இயக்கும். அது அடுத்த பைலை இயக்க, அது லினக்ஸ் கெர்னலை மெமரிக்குக் கொண்டு வரும். வேடிக்கை என்னவென்றால், இந்த வேலையை எல்லாம் செய்வது திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி. நாம் ப்ராசசர் என்று சொல்லும் பகுதி அதற்குப் பின்னரே விழிக்கிறது. 2019ல் வந்த பை 4, 2023ல் வந்த பை 5 ஆகியவற்றில் பூட்லோடர் போர்டிலேயே ஒரு சிறிய சிப்பில் வைக்கப்பட்டுள்ளது. இருந்தாலும் லினக்ஸ் கெர்னல் வருவது கார்டில் இருந்து தான்.

எந்த கார்ட் வாங்கலாம்?

டெஸ்க்டாப்புடன் கூடிய ராஸ்பெரி பை ஓ.எஸ். பதிக்க 32 ஜிபி கார்ட் தேவை என்பது இதனைத் தயாரிப்பவர்களின் பரிந்துரை. டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பிற்கு 16 ஜிபி போதும். கார்டின் மேல் 10 என்ற எண் ஒரு வட்டத்திற்குள் இருக்கிறதா, ஏ1 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத்திற்குள் உள்ள 10, வீடியோ போன்ற பெரிய பைலைத் தொடர்ந்து எழுதும் வேகத்தைக் குறிக்கிறது. ஏ1 என்பது சிறு சிறு பைல்களை அங்கும் இங்குமாகப் படித்து எழுதும் திறனைக் குறிப்பது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றிற்கு இந்த இரண்டாவது திறன் தான் முக்கியம்.

விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். போலி கார்ட்கள் ஏராளமாக உலவுகின்றன. உண்மையில் 8 ஜிபி மட்டுமே கொள்ளும் கார்டில், "நான் 64 ஜிபி" என்று பொய் சொல்லும்படி அதன் கண்ட்ரோலர் சிப்பை மாற்றி அமைத்திருப்பார்கள். விண்டோஸும் அதனை நம்பி 64 ஜிபி என்றே காட்டும். லினக்ஸ் இமேஜை எழுதும் போது கூட இந்தக் குட்டு வெளிப்படாமல் போகலாம். ஏனென்றால் இமேஜ் தங்குவது முதல் சில ஜிபி இடத்தில் மட்டும். அந்த இடம் உண்மையானது. எழுதிய பின்னர் நடக்கும் சரிபார்ப்பிலும் கார்ட் பாஸ் ஆகிவிடும். நீங்கள் பைல்களைச் சேர்க்கச் சேர்க்க, இல்லாத இடத்தில் எழுத முயலும் போது தான் பைல்கள் காணாமல் போகத் தொடங்கும்.

எனவே புது கார்ட் வாங்கியவுடன், காலியாக இருக்கும் போதே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச விண்டோஸ் புரோகிராமால் ஒருமுறை சோதித்து விடுங்கள். கார்ட் நிறையும் வரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்து, எவ்வளவு சரி எவ்வளவு தவறு என்று இது சொல்லும். பெரிய கார்ட் என்றால் மணிக்கணக்கில் ஆகும். இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு எப்3 என்ற புரோகிராம் இதே வேலையைச் செய்கிறது.

எழுதும் முறை

ராஸ்பெரி பையின் வெப்சைட்டில் ராஸ்பெரி பை இமேஜர் என்ற புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. 2020ல் வெளியானது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிற்கும் உண்டு. பழைய புத்தகங்களில் நூப்ஸ் என்ற முறையைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அதனை மறந்து விடலாம். இமேஜரே லினக்ஸை டவுன்லோட் செய்து எழுதிவிடும் என்பதால், இமேஜ் பைலைத் தனியே தேட வேண்டியதில்லை.

இதனை இயக்கும் முன்னர் ஒரு வேலை செய்யுங்கள். கம்ப்யூட்டரில் செருகியுள்ள பென் டிரைவ், வெளியே இணைத்துள்ள ஹார்ட் டிஸ்க், கேமரா, மொபைல் போன் என எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள். மெமரி கார்டையும் இன்னும் செருக வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இமேஜர் உங்களிடம் மூன்று கேள்விகள் கேட்கும். முதலாவது, எந்த மாடல். உங்கள் போர்டின் மேலேயே மாடல் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். இரண்டாவது, எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டம். புதியவர்கள் பட்டியலில் பரிந்துரைக்கப்பட்டுள்ள, டெஸ்க்டாப்புடன் கூடிய ராஸ்பெரி பை ஓ.எஸ். தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். இது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 2020 வரை ராஸ்பியன் என்று அழைக்கப்பட்டது. 32 பிட்டா 64 பிட்டா என்று குழம்ப வேண்டாம். மாடலைச் சரியாகச் சொன்னால், அதற்குப் பொருந்துபவற்றை மட்டுமே இமேஜர் காட்டும்.

மூன்றாவது கேள்வி தான் முக்கியம். எந்த டிரைவில் எழுத வேண்டும்? இப்போது கார்டை ரீடரில் செருகி, கம்ப்யூட்டரில் இணையுங்கள். சற்று முன் காலியாக இருந்த பட்டியலில் புதிதாக ஒரு டிரைவ் தோன்றும். அது தான் உங்கள் கார்ட். எல்லாவற்றையும் கழற்றச் சொன்னது இதற்காகத் தான். கம்ப்யூட்டரின் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கை இமேஜர் வழக்கமாகப் பட்டியலில் காட்டாது. ஆனால் யு.எஸ்.பி. வழியே இணைத்த ஹார்ட் டிஸ்க்கைக் காட்டும். திருமண போட்டோக்களையும் குழந்தைகளின் வீடியோக்களையும் நாம் சேர்த்து வைப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட ஹார்ட் டிஸ்க்கில் தானே? 32 ஜிபி கார்டும் 32 ஜிபி பென் டிரைவும் பட்டியலில் அடுத்தடுத்து இருந்தால், கண் பார்த்துக் கொண்டிருக்கும் போதே கை தவறிவிடும். டிரைவ் ஒன்று மட்டுமே இருந்தால் தவற வழியே இல்லை.

அளவையும் ஒருமுறை பாருங்கள். 32 ஜிபி கார்டை விண்டோஸ் எக்ஸ்புளோரர் 29 ஜிபி சொச்சம் என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் 1,000 என்ற கணக்கில் எண்ணுகிறார். விண்டோஸ் 1,024 என்ற கணக்கில் எண்ணுகிறது.

கார்ட் பழைய மொபைல் போனில் இருந்து எடுத்தது என்றால், அதிலுள்ள போட்டோக்களை முதலில் வேறு இடத்தில் காப்பி செய்து, அவை திறக்கின்றனவா என்றும் பார்த்து விடுங்கள். ஒருவேளை தவறான டிரைவில் எழுதத் தொடங்கி விட்டால், உடனே நிறுத்துங்கள். அதன் பின் அந்த டிரைவில் ஒரு பைலைக் கூட எழுதாதீர்கள். பார்மட் செய்யவும் வேண்டாம். மேலெழுதப்பட்ட பகுதி போனது போனது தான். ஆனால் எழுதப்படாத மீதி இடத்தில் உள்ள போட்டோக்களை போட்டோரெக் போன்ற இலவச புரோகிராம் தேடித் தரக்கூடும். மீட்ட பைல்களை வேறு டிரைவில் சேமிக்க வேண்டும்.

டிரைவைத் தேர்ந்தெடுத்த பின்னர், சிஸ்டத்தின் சில செட்டிங்ஸை முன்கூட்டியே அமைக்க வேண்டுமா என்று இமேஜர் கேட்கும். ஆம் என்று சொல்லி, யூசர் பெயர், பாஸ்வேர்ட், வை-பி நெட்வொர்க்கின் பெயர், அதன் பாஸ்வேர்ட், நாடு, நேர மண்டலம் ஆகியவற்றைக் கொடுத்து விடுங்கள். நாடு என்ற இடத்தில் இந்தியாவிற்கான குறியீட்டைத் தரவும். எந்த அலைவரிசைகளைப் பயன்படுத்தலாம் என்பது நாட்டிற்கு நாடு மாறுபடும் என்பதால், இது சரியாக இருந்தால் தான் வை-பி ஒழுங்காக வேலை செய்யும். 2016ல் வந்த பை 3 பி மாடலும், ஜீரோ வரிசையில் வை-பி உள்ள மாடல்களும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் வை-பியை மட்டுமே பிடிக்கும். 5 கிகா ஹெர்ட்ஸ் நெட்வொர்க்கின் பெயரைக் கொடுத்தால் இணைப்பு கிடைக்காது.

யூசர் பெயர் "பை", பாஸ்வேர்ட் "ராஸ்பெரி" என்று பழைய கட்டுரைகளில் படித்தவர்கள் கவனிக்கவும். உலகம் முழுவதும் தெரிந்த பாஸ்வேர்ட் திருடனுக்கும் தெரியும் என்பதால், 2022 ஏப்ரல் முதல் அதனை நீக்கி விட்டார்கள். நீங்கள் உருவாக்கியது தான் உங்கள் பாஸ்வேர்ட். தாளில் எழுதி வைத்துக் கொள்ளுங்கள்.

எழுதுவதற்கான பட்டனை அழுத்தியவுடன், டிரைவில் உள்ள அனைத்தும் அழியும் என்று கடைசியாக ஓர் எச்சரிக்கை வரும். டிரைவின் பெயரைப் படித்துவிட்டு சரி என்று சொல்லுங்கள். எழுத முடியவில்லை என்று எர்ரர் வந்தால், கார்டைச் செருகியுள்ள அடாப்டரின் ஓரத்தைப் பாருங்கள். லாக் என்ற சிறிய பிளாஸ்டிக் பட்டை கீழே இறங்கி இருக்கலாம். அதனை மேலே தள்ளினால் போதும். எழுதிய பின்னர், எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும் வேலை தொடங்கும். பொறுமை இல்லாமல் இதனை கேன்சல் செய்யாதீர்கள்.

எல்லாம் முடிந்த பின் அந்த கார்டை விண்டோஸில் மீண்டும் செருகினால் இரண்டு அதிர்ச்சிகள் காத்திருக்கும். 32 ஜிபி கார்ட் ஏறத்தாழ 512 எம்பி என்று தெரியும். கூடவே, "டிரைவை பார்மட் செய்தால் தான் பயன்படுத்த முடியும், செய்யட்டுமா?" என்று விண்டோஸ் கேட்கும். கேன்சல் செய்து விடுங்கள். விண்டோஸிற்கு லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியாது. அதனால் தான் இந்தக் கேள்வி. பார்மட் கொடுத்தால் பதித்த லினக்ஸ் முழுவதும் போய்விடும். பின்னாளில் கார்டை மீண்டும் கேமராவிற்குப் பயன்படுத்த விரும்பினால், இமேஜரிலேயே எரேஸ் என்ற தேர்வு இருக்கிறது. முழு இடமும் திரும்பக் கிடைக்கும்.

முதல் முறை இயக்கும் போது

கார்டைச் செருகும் இடம் போர்டின் அடிப்பக்கம் உள்ளது. கார்டின் தங்க நிறப் பட்டைகள் போர்டைப் பார்த்திருக்க வேண்டும். கீ போர்ட், மவுஸ், மானிட்டர் ஆகியவற்றை இணைத்து, மின்சாரத்தை மட்டும் கடைசியாகக் கொடுங்கள். பை 4ல் இரண்டு சிறிய எச்.டி.எம்.ஐ. சாக்கெட்கள் உள்ளன. மின் இணைப்பிற்கு அருகில் உள்ளதில் மானிட்டரை இணைக்கவும்.

முதல் முறை சற்று நேரம் எடுக்கும். கார்டில் மீதியுள்ள இடம் முழுவதையும் எடுத்துக் கொள்ளும்படி லினக்ஸ் தன் பார்ட்டிஷனை விரிவாக்கி, ரீ பூட் ஆகும். அவசரப்பட்டு பிளக்கைப் பிடுங்க வேண்டாம்.

திரையில் எதுவும் வரவில்லை என்றால் போர்டில் உள்ள விளக்குகளைப் பாருங்கள். பச்சை விளக்கு ஒழுங்கில்லாமல் மினுமினுத்தால், கார்ட் படிக்கப்படுகிறது என்று பொருள். மானிட்டர் கேபிளைச் சோதியுங்கள். ஒரே சீராக 4 முறை மினுக்கி, இடைவெளி விட்டு மீண்டும் 4 முறை என்றால், பூட் ஆகத் தேவையான பைல் கிடைக்கவில்லை. 7 முறை என்றால் கெர்னல் கிடைக்கவில்லை. இரண்டிற்கும் கார்டை மீண்டும் ஒருமுறை எழுதுவதே எளிய தீர்வு. பச்சை விளக்கு எரியவே இல்லை என்றால் கார்ட் சரியாக உட்காரவில்லை, அல்லது கார்டில் ஒன்றும் இல்லை.

திரையின் மூலையில் மின்னல் போன்ற படம் தோன்றுகிறதா? அது அலங்காரம் அல்ல. மின்சாரம் போதவில்லை என்ற எச்சரிக்கை. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.63 வோல்ட்டிற்கும் கீழே போனால் இது தோன்றும். மேஜை டிராயரில் கிடக்கும் பழைய மொபைல் சார்ஜரைப் பயன்படுத்துவோருக்கு இது அடிக்கடி வரும். பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் சப்ளை தேவை. பை 5க்கு 5 ஆம்பியர் தரும் அடாப்டரைப் பரிந்துரைக்கிறார்கள். கேபிள் மெல்லியதாக, நீளமாக இருந்தாலும் வோல்ட்டேஜ் குறையும். என்னைக் கேட்டால், போர்டு வாங்கும் போதே அதற்கான அடாப்டரையும் சேர்த்து வாங்குங்கள் என்பேன். இங்கு மிச்சம் பிடிக்கும் பணம் கார்டில் போய்விடும்.

பிரவுசரில் தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், சாப்ட்வேர் சேர்க்கும் புரோகிராமில் லோஹித் தமிழ் என்று தேடி, அந்த பான்ட்டைச் சேர்த்துக் கொள்ளுங்கள். இலவசம் தான்.

பவர் கட் என்னும் எதிரி

மெமரி கார்டில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டும் என்றாலும், அந்த எழுத்தை மட்டும் மாற்ற முடியாது. பிளாஷ் மெமரியின் இயல்பு அது. பெரிய தொகுதி ஒன்றை மொத்தமாக அழித்தே மீண்டும் எழுத முடியும். எனவே கார்டின் உள்ளே இருக்கும் கண்ட்ரோலர், பழைய தகவல்களை ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்திற்கு மாற்றிக் கொண்டே இருக்கும். இந்த நேரத்தில் மின்சாரம் நின்றால், நீங்கள் திறந்து வைத்திருந்த பைல் மட்டும் அல்ல, பல நாட்களாகத் தொடாத சிஸ்டம் பைல் ஒன்றும் சேர்ந்து கெடலாம். லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 முறையில், பாதியில் நின்ற வேலையைச் சரி செய்யும் ஜர்னல் வசதி உண்டு. ஆனால் கார்டின் உள்ளே நடக்கும் குழப்பம் அதற்குத் தெரியாது.

ஆகவே மெனுவில் ஷட் டவுன் கொடுத்து, பச்சை விளக்கு ஓய்ந்த பிறகே பிளக்கை எடுங்கள். பை 5க்கு முந்தைய மாடல்களில் பவர் பட்டன் இல்லாததால், டிவியை அணைப்பது போல சுவிட்சை அணைத்துவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. மின்சாரம் அடிக்கடி போகும் ஊர் என்றால் இதனையும் யு.பி.எஸ்.சில் இணைப்பது நல்லது. கடையில் விலைப் பட்டியல் காட்டும் திரை போல, எதையும் சேமிக்கத் தேவையில்லாத வேலைக்குப் பயன்படுத்துகிறீர்களா? ராஸ்பி-கன்பிக் என்ற புரோகிராமில் ஓவர்லே பைல் சிஸ்டம் என்ற வசதியை இயக்குங்கள். அதன் பின் மாற்றங்கள் எல்லாம் ராம் மெமரியில் மட்டுமே நடக்கும். கார்டில் எழுதும் வேலை நின்றுவிடும். திடீரென்று மின்சாரம் போனாலும் கவலை இல்லை. ஆனால் அந்த நிலையில் நீங்கள் சேமிக்கும் கடிதமும் அடுத்த முறை இருக்காது. வீட்டில் அன்றாடம் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு இது பொருந்தாது.

எப்படிப் பார்த்துக் கொண்டாலும் கார்ட் ஒரு நாள் தேயத் தான் செய்யும். எல்லாவற்றையும் உங்கள் விருப்பப்படி அமைத்து முடித்தவுடன் இரண்டாவது கார்ட் ஒன்றை வாங்கி, யு.எஸ்.பி. ரீடரில் போட்டு, போர்டில் இணையுங்கள். மெனுவில் ஆக்சசரீஸ் பிரிவில் எஸ்.டி. கார்ட் காப்பியர் என்ற புரோகிராம் இருக்கும். மேலே இயங்கும் கார்டையும், கீழே புதிய கார்டையும் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுத்தால், சிஸ்டம் முழுவதும் அப்படியே இரண்டாவது கார்டிற்குச் சென்றுவிடும். கீழே தேர்ந்தெடுக்கும் டிரைவ் முழுவதும் அழியும் என்பதால், இங்கும் மற்ற பென் டிரைவ்களைக் கழற்றிவிட்டே ஸ்டார்ட் கொடுக்கவும். பின்னர் போர்டை ஷட் டவுன் செய்து, இரண்டாவது கார்டைப் போட்டு ஒருமுறை பூட் செய்து பாருங்கள். அது இயங்கினால், தேதியை எழுதி ஒட்டி எடுத்து வைக்கலாம்.